கவனத்துக்குக் கைகொடுக்கும் எளிய கருவிகள்

மாலை மணி நான்கு. படிவம் இரண்டில் பயிலும் ஒரு மாணவன் வீட்டில் மேசையின்முன் அமர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் வரலாற்று இடுபணியை ஒப்படைக்க வேண்டும். அவன் புத்தகத்தைத் திறக்கிறான். பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. வேறு பேனா எடுக்க அறைக்குச் செல்கிறான். அங்கே பாதியில் விட்ட ஓவியம் ஒன்று கண்ணில் படுகிறது. அதற்கு வண்ணம் தீட்டத் தொடங்குகிறான். தம்பி வந்து பூப்பந்து மட்டையைக் கேட்கிறான்; அதைத் தேடிக் கொடுக்கிறான். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகிறான். மீண்டும் மேசைக்கு வரும்போது மணி ஏழு. தாளில் தலைப்பு மட்டுமே இருக்கிறது.

வேலை முடிந்து வீடு திரும்பிய அம்மா, "மூன்று மணி நேரமாக என்னப்பா செய்தாய்?" என்று கேட்கிறார். அவனால் விடை சொல்ல முடியவில்லை. அவன் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. வேலையை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது. நேரம் எங்கே போனது என்பதுதான் அவனுக்கே விளங்கவில்லை.

எப்போதாவது ஒரு நாள் இப்படி நேர்வது எல்லாருக்கும் இயல்பு. ஆனால், சிலருக்கு இது நாள்தோறும் நேர்கிறது. வீட்டிலும் நேர்கிறது, பள்ளியிலும் நேர்கிறது. "சோம்பேறி", "பொறுப்பில்லாதவன்", "மனம் வைத்தால் முடியும், மனம் வைப்பதில்லை" என்னும் சொற்களை அவர்கள் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறார்கள். பலமுறை கேட்ட சொல் நாளடைவில் உண்மைபோல் தோன்றிவிடும். ஓர் இடுபணி தாமதமானால் அதை மறுநாள் ஈடுசெய்யலாம். "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒரு மாணவன் நம்பத் தொடங்கிவிட்டால், அதை ஈடுசெய்வது கடினம்.

குறைபாடு என்பது யாது?

இத்தகைய மாணவர்களுள் சிலருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கலாம். இதனை ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்று வழங்குவர். இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு நிலை. உலக அளவில் சிறுவர்களுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இது திறன்பேசிக் காலத்தில் புதிதாகத் தோன்றிய ஒன்றன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798ஆம் ஆண்டிலேயே, ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாமல் தவிப்பவர்களைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவுத்திறன் இருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இப்போது வழங்கும் பெயர் 1987இல் அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் வெளியிட்ட கையேட்டின்வழி நிலைபெற்றது.

இக்குறைபாடு எல்லாரிடமும் ஒரே வடிவில் வெளிப்படுவதில்லை. சிலர் ஓரிடத்தில் அமர மாட்டார்கள். கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடுவார்கள். தம் முறைக்காகக் காத்திருக்கத் திணறுவார்கள். வேறு சிலர் அமைதியாகவே அமர்ந்திருப்பார்கள். ஆனால், மனம் வேறெங்கோ சென்றிருக்கும். பொருள்களைத் தொலைப்பார்கள், சொன்னதை மறப்பார்கள், தொடங்கியதை முடிக்க மாட்டார்கள். மேலும் சிலரிடம் இவ்விரு வகையும் கலந்திருக்கும். அமைதியாக இருப்பவர்கள் வகுப்பில் யாருக்கும் தொல்லை தருவதில்லை. ஆகவே, அவர்களின் சிக்கல் பல ஆண்டுகள் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடுவதுண்டு. குறிப்பாக, மாணவியர் பலருக்கு இந்நிலை காலம் கடந்தே கண்டறியப்படுகிறது.

தெரிந்தும் செய்ய இயலாமை

ஏ.டி.எச்.டி. உள்ள ஒரு மாணவனிடம், "வீட்டுப்பாடத்தை எப்படிச் செய்ய வேண்டும்?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவான். மேசையில் அமர வேண்டும், திறன்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும், முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல் எழுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. திட்டமிடுதல், காத்திருத்தல், தொடங்கியதைத் தொடர்தல் ஆகிய பணிகளை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி கவனித்துக்கொள்கிறது. அமெரிக்கத் தேசிய மனநலக் கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்களின் மூளைப் புறணியும் மற்றச் சிறுவர்களின் மூளைப் புறணியைப் போன்றே படிப்படியாக முதிர்கிறது. ஆனால், சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தாமதமாக முதிர்கிறது என்று அவர்கள் கண்டறிந்தனர். முன்பகுதியில் இத்தாமதம் மிகுதியாக இருந்தது. மேலும், ஆர்வத்தையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமின் என்னும் வேதிப்பொருளின் செயற்பாடும் இவர்களிடம் வேறுபடுகிறது.

இதனால் மூன்று இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. முதலாவது, நேரம் கழிவதை உள்ளுக்குள் உணர்வது கடினமாகிறது. ஐந்து நிமிடமும் ஐம்பது நிமிடமும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டாவது, மனத்தில் ஒரே நேரத்தில் பல செய்திகளை ஏந்தி வைத்திருக்க முடிவதில்லை. "சட்டையை மாற்று, பையை எடு, மேசைமேல் உள்ள பாரத்தில் கையெழுத்து வாங்கு" என்று சொன்னால், சட்டையை மாற்றியதும் மற்றவை மறந்துவிடும். மூன்றாவது, தொலைவில் உள்ள பயன் அவர்களை அசைப்பதில்லை. அடுத்த மாதத் தேர்வைவிட இந்நொடியில் கண்ணில் படும் ஓவியமே மனத்தை ஈர்க்கும்.

"மூன்று மணி நேரம் கணினி விளையாட்டில் மூழ்குகிறானே, அதற்கு மட்டும் கவனம் எங்கிருந்து வந்தது?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானதே. கணினி விளையாட்டு நொடிக்கு நொடி புள்ளி தருகிறது. தவறினால் உடனே காட்டுகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் திரையிலேயே வைக்கிறது. இம்மாணவர்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்குத்தான் வெளியிலிருந்து துணை தேவைப்படுகிறது. விளையாட்டுத் திரை தரும் அதே துணையைப் படிப்பு மேசையிலும் சிறிதளவு அமைத்துக்கொள்ளலாம்.

கண்பார்வை மங்கியவரிடம், "இன்னும் நன்றாக முயன்று பார்" என்று நாம் சொல்வதில்லை; மூக்குக்கண்ணாடி வாங்கித் தருகிறோம். அதுபோலவே, உள்ளுக்குள் உணர முடியாததை வெளியே கண்முன் வைப்பதுதான் கீழே கூறப்படும் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே உள்ளன.

நேரத்தைக் கண்ணால் காணுதல்

முதற்கருவி, சமையலறையில் பயன்படும் டைமர். எண்கள் மட்டும் ஓடும் கடிகாரத்தைவிட, மீதமுள்ள நேரம் சுருங்குவதைக் காட்டும் கடிகாரம் இவர்களுக்கு மிகவும் உதவும். முள் நகரும் டைமர், மணற்கடிகாரம், வண்ண வட்டம் சிறிது சிறிதாகக் குறையும் நேரங்காட்டி ஆகியவை அத்தகையவை. மணல் கீழே இறங்குவதைப் பார்க்கும்போது, நேரம் கண்ணால் காணக்கூடிய பொருளாகிவிடுகிறது.

டைமரைக் கொண்டு படிக்கும் முறை ஒன்று உலகெங்கும் புகழ்பெற்றுள்ளது. 1980களின் இறுதியில் இத்தாலியில் பயின்ற பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் மாணவர், படிப்பில் மனம் ஒன்றாமல் தவித்தார். அவரிடம் தக்காளி வடிவில் ஒரு சமையலறை டைமர் இருந்தது. அது ஒலிக்கும்வரை மட்டும் படிப்பது என்று முடிவு செய்தார். அம்முறையைப் பின்னர் செம்மைப்படுத்தி, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என அமைத்தார். தக்காளியை இத்தாலிய மொழியில் பொமடோரோ என்பர். அதுவே அம்முறைக்கும் பெயராயிற்று.

25 என்னும் எண் கட்டாயமன்று. ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவருக்குத் தொடக்கத்தில் 10 நிமிடமே பெரிய செயலாக இருக்கலாம். பத்து நிமிடம் படித்து மூன்று நிமிடம் ஓய்வெடுத்தாலும் அது முன்னேற்றமே. ஓய்வுக்கும் டைமர் வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. ஐந்து நிமிட ஓய்வு ஐம்பது நிமிடமாக நீள்வது இங்கேதான். ஓய்வு நேரத்தில் திறன்பேசியைத் தொடாமல், எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் நல்லது.

நினைவைத் தாளில் வைத்தல்

இரண்டாவது கருவி, ஒரு துண்டுத்தாளும் பென்சிலும். அன்று செய்ய வேண்டியவற்றை எழுத வேண்டும். ஆனால், மூன்றுக்கு மேல் எழுதக்கூடாது. இருபது வேலைகள் கொண்ட பட்டியல் மனத்தை மிரட்டும். மிரண்ட மனம் எதையும் தொடங்காது. மூன்றை முடித்த பிறகு நான்காவதை எழுதிக்கொள்ளலாம்.

எழுதும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "வரலாற்று இடுபணி" என்று எழுதினால், அது ஒரு மலை. எங்கே ஏறத் தொடங்குவது என்பது தெரியாது. "பாடநூலின் மூன்றாம் அலகைத் திற", "மலாக்காவைப் பற்றிய ஐந்து குறிப்புகளை எழுது", "முதல் பத்தியை எழுது" என்று பிரித்து எழுதினால், அவை படிக்கட்டுகளாகிவிடும். முதற்படி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிக்க முடியாத படியை மீண்டும் இரண்டாக உடைக்கலாம். ஒவ்வொன்றையும் முடித்ததும் அதன்மேல் கோடு கிழிக்கும்போது சிறிய மனநிறைவு உண்டாகும். விளையாட்டில் கிடைக்கும் புள்ளியைப் போன்றது அது.

படிக்கும்போது வேறு எண்ணங்கள் குறுக்கிடுவது இயல்பு. "நாளைக்குச் சீருடை இயக்கத்துக்குத் தொப்பி வேண்டுமே", "நண்பனிடம் ஒன்று கேட்க வேண்டுமே" என்று மனம் தாவும். அவ்வெண்ணத்தைத் துரத்த முயன்றால் அது மேலும் வலுப்பெறும். மேசையின் ஓரத்தில் மற்றொரு தாளை வைத்துக்கொண்டு, வந்த எண்ணத்தை இரண்டு சொற்களில் குறித்துவிட்டுப் படிப்பைத் தொடரலாம். தாளில் எழுதியது தொலையாது என்பதால் மனம் அதை விட்டுவிடும்.

காலைநேர அவசரத்துக்கும் தாள் உதவும். வீட்டுக் கதவின் உட்புறத்தில், கண்மட்டத்துக்கு நேராகச் சிறிய பட்டியல் ஒன்றை ஒட்டி வைக்கலாம்: பை, தண்ணீர்ப் புட்டி, உணவு, அடையாள அட்டை, உடற்கல்வி உடை. பட்டியலை எங்கே ஒட்டுகிறோம் என்பது முக்கியம். அலமாரிக்குள் இருக்கும் பட்டியலால் பயனில்லை. எந்த இடத்தில் மறக்கிறோமோ, அந்த இடத்திலேயே நினைவூட்டல் இருக்க வேண்டும். பள்ளிப் பையை இரவிலேயே அடுக்கிக் கதவின் அருகில் வைத்துவிட்டால், காலையில் தேடவேண்டிய பொருள்களின் எண்ணிக்கையும் குறையும்.

"இது நடந்தால், அது செய்வேன்"

மூன்றாவது கருவிக்குப் பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதனை ஆராய்ந்தார். "நான் இன்று படிப்பேன்" என்னும் பொதுவான எண்ணத்தைவிட, "இது நடந்தால், அது செய்வேன்" என்னும் திட்டம் செயலாக மாறும் வாய்ப்பு மிகுதி என்று அவர் காட்டினார். ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்களுக்கும் இத்தகைய திட்டம் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் துணைபுரிவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

எடுத்துக்காட்டாக, "பள்ளிச் சீருடையை மாற்றியதும், பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைப்பேன்" என்று திட்டமிடலாம். "ஆசிரியர் பேசும்போது விடை சொல்லத் தோன்றினால், முதலில் அதைத் தாளில் எழுதுவேன்" என்பதும் அத்தகையதே. இங்கே நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயல், மறந்துபோகும் செயலைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. ஒரே நேரத்தில் பத்துத் திட்டங்கள் வேண்டா. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பழக்கமான பிறகு அடுத்ததைத் தொடங்குவதே நன்று.

இடமும் துணையும்

கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் கவனத்தைத் தன்பக்கம் அழைக்கும். ஆகவே, படிக்கும் மேசையில் அந்நேரத்துக்கு வேண்டிய பொருள்கள் மட்டுமே இருப்பது நல்லது. திறன்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. வேறோர் அறையில் வைத்துவிட வேண்டும். எழுந்து சென்று எடுக்க வேண்டும் என்னும் அந்தச் சிறு தடையே பலமுறை நம்மைக் காப்பாற்றும். வகுப்பறையில், சன்னலையும் கதவையும் விட்டு விலகி, முன்வரிசையில் அமர ஆசிரியரிடம் அனுமதி கேட்கலாம்.

சிலருக்கு முழு அமைதி ஒத்துவருவதில்லை. மின்விசிறியின் ஓசையோ சொற்களில்லாத இசையோ மெல்ல ஒலித்தால், அவர்களின் மனம் நிலைகொள்ளும். வேறு சிலருக்குச் சிறு ஓசையும் இடையூறாகும். எது ஒத்துவருகிறது என்பதை அவரவர்தாம் சில நாள் முயன்று கண்டறிய வேண்டும்.

தனியே அமர்ந்தால் தொடங்கவே முடியாத வேலை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் எளிதாகிவிடுவதும் உண்டு. அவர் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்பார்வை செய்யவும் வேண்டியதில்லை. அக்காள் தன் பாடத்தைப் படிக்கலாம். பாட்டி கீரை ஆயலாம். இருவரும் ஒரே மேசையில் தத்தம் வேலையைச் செய்வது மட்டுமே போதும். ஏ.டி.எச்.டி. உள்ள பலர் தமக்கு மிகவும் கைகொடுத்த முறை இதுவே என்று கூறுகின்றனர்.

உடல் வழியே மனத்தை அமைதிப்படுத்துதல்

மனம் அலைபாயும்போது, "அமைதியாக இரு" என்று அதற்குக் கட்டளையிடுவதால் பயன் குறைவு. உடலின் வழியாக மனத்தை அணுகுவது எளிது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவடைகிறது. வெளியே விடும்போது சற்றுத் தணிகிறது. ஆகவே, நான்கு எண்ணும்வரை மெல்ல மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடலாம். இரண்டு நிமிடம் இவ்வாறு செய்தால் படபடப்புக் குறையும். தேர்வுத்தாளைத் திருப்புவதற்கு முன்னும், கோபத்தில் பதில் சொல்லத் துடிக்கும்போதும் இது கைகொடுக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட இது தெரியாது.

உடற்பயிற்சியும் ஒரு கருவியே. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு முதல் பத்து வயதுவரையிலான சிறுவர்கள் 20 நிமிடம் மிதமான விரைவில் உடற்பயிற்சி செய்தனர். அதன்பின், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களும் இல்லாதவர்களும் கவனத்தைச் சோதிக்கும் பணியிலும், வாசிப்பிலும், கணக்கிலும் உடற்பயிற்சி செய்யாதபோது செய்ததைவிடச் சிறப்பாகச் செய்தனர். மாலையில் படிக்க உட்காருவதற்கு முன் குடியிருப்புப் பகுதியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டுவதையும் பூப்பந்து ஆடுவதையும் நேர விரயம் எனக் கருத வேண்டியதில்லை. அது படிப்புக்கான ஆயத்தமே.

உட்கார்ந்திருக்கும்போது கையில் சிறிய பொருளை உருட்டிக்கொண்டிருந்தால் சிலருக்குக் கேட்பது எளிதாகிறது. ரப்பர்ப் பந்து, துணித்துண்டு போன்ற ஓசையற்ற பொருள்கள் இதற்கு ஏற்றவை. ஆனால், கண்ணைக் கவரும் சுழல் பொம்மைகள் கவனத்தைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைத்துவிடும். கை அசையலாம், கண் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் உறக்கம். பதின்ம வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் பலருக்கு இரவில் உறக்கம் வருவது தாமதமாகும். காலை ஏழரைக்குப் பள்ளி தொடங்கும்போது அவர்கள் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். உறக்கம் குறைந்தால், யாருக்குமே கவனம் சிதறும். இவர்களுக்கோ இரு மடங்கு சுமையாகும். படுக்கும் நேரத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதும், அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே திரைகளை அணைத்துவிடுவதும் உதவும்.

கருவிகள் சலிக்கும்போது

இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் ஓர் உண்மையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கருவிகள் சலித்துப்போகும். கதவில் ஒட்டிய பட்டியல் முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். நான்காம் வாரம் சுவரோடு சுவராகிவிடும். புதுமையை விரும்பும் மூளைக்கு இது இயல்பு. "இதுவும் என்னால் முடியவில்லை" என்று அப்போது மனம் தளரத் தேவையில்லை. பட்டியலை வேறு வண்ணத்தில் எழுதலாம், இடத்தை மாற்றலாம், சில வாரங்கள் வேறு முறையைப் பின்பற்றிவிட்டுப் பழையதற்குத் திரும்பலாம். ஒரு நாள் தவறினால், மறுநாள் மீண்டும் தொடங்கலாம். இடையில் விட்ட நாள்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் தொடங்குவதும் தவறு. அதிகம் தொல்லை தரும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு கருவியை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்ப்பது நன்று.

மருத்துவரின் பங்கு

இக்கருவிகள் மருத்துவத்துக்கு மாற்றாகா. அடிக்கடி மறதி வருகிறது என்பதாலோ, இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்தோம் என்பதாலோ, "எனக்கும் ஏ.டி.எச்.டி. உள்ளது" என்று முடிவு செய்துவிடக்கூடாது. உறக்கமின்மை, மனக்கவலை, செவித்திறன் குறைவு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றினவா, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தனவா, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுகின்றனவா, அன்றாட வாழ்வைப் பாதிக்கின்றனவா என்பவற்றை மருத்துவர் ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுவார். ஐயம் உள்ளவர்கள் முதலில் பெற்றோரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். பின்னர், அரசாங்கச் சுகாதார நிலையத்தின்வழி சிறப்பு மருத்துவரைக் காணலாம். சிலருக்கு மருந்தும் பரிந்துரைக்கப்படும். மருந்து உட்கொள்வோர்க்கும் இக்கருவிகள் பயன்படும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 23 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்சுக்கு ஒன்பது வயதில் இக்குறைபாடு கண்டறியப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற சீருடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்சின் மருத்துவக் குறிப்புகளைச் சிலர் திருடி இணையத்தில் வெளியிட்டனர். அவர் மறைக்க முயலவில்லை. தமக்கு ஏ.டி.எச்.டி. உள்ளது என்பதையும், சிறுவயது முதல் அதற்கு மருந்து உட்கொள்வதையும் தாமே வெளிப்படையாகக் கூறினார். அதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை என்றும் தெரிவித்தார். ஏ.டி.எச்.டி. உள்ள எல்லாரும் ஒலிம்பிக் வீரராக வேண்டும் என்பதில்லை. உரிய துணை கிடைத்தால், தம் ஆற்றலுக்கு ஏற்ப உயர முடியும் என்பதே கருத்து.

சுற்றியிருப்போர் தரும் கருவி

கடைசிக் கருவி அம்மாணவனின் கையில் இல்லை. அவனைச் சுற்றியிருப்போரிடம் உள்ளது. அது சொல். "ஏன் செய்யவில்லை?" என்னும் கேள்விக்கு அவனிடம் விடை இல்லை. "எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?" என்று கேட்டால் விடை சொல்ல முடியும். நீண்ட அறிவுரையைவிட, தோளைத் தொட்டு ஒன்றை மட்டும் சொல்வது பலன் தரும். செய்யாமல் விட்ட ஏழு வேலைகளைச் சொல்லிக்காட்டுவதைவிட, செய்து முடித்த ஒன்றைக் குறிப்பிடுவது அடுத்ததைத் தொடங்கும் துணிவைத் தரும். வகுப்புத் தோழர்களும் உதவலாம். வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொண்டானா என்று பள்ளி முடியும் வேளையில் ஒருமுறை கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

தொடக்கத்தில் கண்ட மாணவனிடம் மீண்டும் செல்வோம். அதே மாலை நான்கு மணி. இம்முறை மேசைமேல் பாடநூலும் இரண்டு பேனாக்களும் ஒரு துண்டுத்தாளும் மட்டும் இருக்கின்றன. திறன்பேசி வரவேற்பறையில் உள்ளது. அருகில் முள் நகரும் டைமர். அவன் பத்து நிமிடம் எழுதுகிறான், எழுந்து நடக்கிறான், மீண்டும் அமர்கிறான். நடுவே இரண்டு முறை கவனம் சிதறுகிறது. ஒருமுறை ஓவியத்தின் அருகிலும் போய் நின்றுவிடுகிறான். டைமர் ஒலித்ததும் திரும்பி வருகிறான். மணி ஏழுக்கு இடுபணி முழுமையாக முடியவில்லை. ஆனால், மூன்று படிகளில் இரண்டின்மேல் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

அம்மா வீடு திரும்புகிறார். "எதுவரைக்கும் வந்திருக்கிறாய்?" என்று கேட்கிறார். அவன் தாளைக் காட்டுகிறான். இன்று அவனிடம் சொல்வதற்கு விடை இருக்கிறது.